பிராட்டன் வீட்டு வாய்ப்பூட்டு

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் குடும்பம் வாயைத் திறக்காமலே கெட்ட குடும்பம்.

தாத்தா போஸ்ட்மாஸ்டர். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது அவரோடு சேர்ந்து மண்ணுக்குள் போனது. அப்பா ஆர்விட் பிராட்டன், மாகாண நெடுஞ்சாலைத் துறையில் வட்டாரப் பொறியாளர். அம்மா செல்மா, நார்டால் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். அத்தை பள்ளிக்கூட ஆய்வாளர். அரசாங்கச் சம்பளம் வாங்காமல் போனவள் நான் ஒருத்திதான். என் பெயர் வெர்னா. நகரத்தில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்ததுமே மனதிலிருப்பதைக் கொட்டிவிடுவார்கள். நானும் பதிலுக்குக் கொட்டுவேன். இந்த வீட்டில் நான் எப்படி வந்து பிறந்தேன் என்று அம்மா அடிக்கடி கேட்பாள்.

என் தம்பி லெய்ஃப் அப்படியில்லை. அவன் அப்பாவை உரித்து வைத்தவன். சின்ன வயதில் கண்ணாடியை யார் உடைத்தது என்று கேட்டால், உடைத்தது நானாக இருந்தாலும் வாய் திறக்க மாட்டான். அடியை வாங்கிக்கொண்டு நிற்பான். எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஐனார் மாமா விஷயத்தைச் சொல்லாமல் லெய்ஃபின் கதையைச் சொல்ல முடியாது. ஐனார் மாமா அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். புதிய நெடுஞ்சாலை எந்த வழியாகப் போகப்போகிறது என்பது அப்பாவுக்கு முன்பே தெரியும். அது மாமாவின் கோதுமை நிலத்தை உரசிக்கொண்டு போகப்போகிறது. மாமாவுக்கு அது தெரியாது. விளைச்சல் பொய்த்த எரிச்சலில் நிலத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நினைத்தார். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி அப்பாவிடம் யோசனை கேட்டார்.

"உன் நிலம், உன் இஷ்டம்" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மாமா விற்றார். பனி உருகியதும் அளவுக்காரர்கள் வந்து கம்பி நட்டார்கள். நிலத்தை வாங்கியவன் அங்கே பெட்ரோல் பங்கும் மோட்டலும் கட்டிச் செழித்தான். மாமா சாகும்வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்பாவைக் கல்நெஞ்சன் என்றார்கள். பாதிப் பேர், இவரல்லவா அரசு ஊழியர் என்றார்கள். சிறுவனாக இருந்த லெய்ஃப் இரண்டாவது பாதியோடு சேர்ந்துகொண்டான்.

அவன் வேளாண்மைத் துறையில் மண் பரிசோதிக்கிறவனாக வேலைக்குச் சேர்ந்து, நார்டால் நகரசபைக்குப் போய், கடைசியில் சட்டமன்றத் தேர்தலில் நின்றான். பேச வராதவன் எப்படி ஓட்டுக் கேட்கப் போகிறான் என்று நான் சிரித்தேன். ஆனால் அவன் ஒரே ஒரு கதையை வைத்துக்கொண்டு மொத்தத் தொகுதியையும் சுற்றி வந்தான். அது ஐனார் மாமாவின் கதை. "எங்கப்பா சொந்த மச்சினன்கிட்டகூட வாயத் திறக்கல. நான் அந்த வீட்டுப் பிள்ளை" என்று முடிப்பான். கூட்டம் கைதட்டும். ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் இருக்கும் அம்மா, அந்த இடம் வந்ததும் கைப்பைக்குள் எதையோ துழாவ ஆரம்பிப்பாள். அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தேர்தலில் ஊரெங்கும் ஒவ்வொரு வீட்டுப் புல்வெளியிலும் ஏதாவது ஒரு கட்சியின் பலகை நின்றது. எங்கள் வீட்டுப் புல்வெளி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. லெய்ஃபின் பெயர் போட்ட பலகையை நானே தோளில் சுமந்து போனேன்.

"எடுத்துட்டுப் போ" என்றார் அப்பா.

"உங்க பிள்ளை பேருப்பா!"

"யார் பேரா இருந்தா என்ன? அரசாங்க ஊழியன் வீட்டு முற்றத்துல கட்சிப் பலகை நிக்காது."

"நீங்கதான் ஓய்வு வாங்கியாச்சே!"

"பென்ஷன் என்ன உன் கடையிலிருந்தா வருது?"

சரி, ஓட்டாவது அவனுக்குப் போடுவீர்களா என்று கேட்டேன். அதைக் கேட்கக்கூடாது என்றார். எழுபதை நெருங்கிய ஒரு மனிதர் இதுவரை யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பெற்ற மகளுக்குத் தெரியாது. எங்கள் வீடு அப்படிப்பட்டது.

லெய்ஃப் ஜெயித்தான். அடுத்த தேர்தலிலும் ஜெயித்து, அப்பாவின் பழைய துறைக்கே அமைச்சரானான். பதவிப் பிரமாணமும் ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுத்துக்கொண்ட அன்று அப்பா தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் பொத்தான் மாட்டவில்லை. விழா முடிந்ததும் மகனின் கையைக் குலுக்கி, "உள்ள கேட்டது உள்ளயே" என்றார். லெய்ஃப் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் எந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பெற்றவர்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

இரண்டு வருஷம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நல்லது, வலி வந்தால் நிமிஷக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் இருந்த வீடோ ஊரை விட்டுத் தள்ளி, சரளைப் பாதையின் கோடியில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்தது.

ஈஸ்டர் விருந்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். மேஜையில் பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, அம்மா தேய்த்துச் சுட்ட லெஃப்சா ரொட்டி. பேச்சு வீட்டைப் பற்றி வந்தது.

"நகரத்துக்கு வந்துருங்க. என் கடைக்குப் பின்னாடி தெருவுலயே பெரிய ஆஸ்பத்திரி. வீடும் பாத்து வச்சிருக்கேன்" என்றேன்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? நார்டால்ல நம்ம ஆஸ்பத்திரிக்கு எதிர் வீடே விலைக்கு வந்திருக்குடி. ஜன்னல்ல நின்னா எமர்ஜென்சி வாசல் தெரியுது. நெஞ்சு வலிச்சா செருப்பை மாட்டிக்கிட்டு நானே நடந்து போயிடுவேன். உள்ள இருக்கிற பொண்ணுங்கள்ல பாதி நான் ஊசி போடக் கத்துக்குடுத்ததுங்க."

"உனக்குக் குத்திப் பழி வாங்கப்போகுதுங்க" என்றேன். அம்மா என் தலையில் தட்டினாள்.

அப்பா லெய்ஃபின் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்றே?"

லெய்ஃப் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவிய பக்கத்திலேயே மறுபடியும் தடவினான்.

"உங்க வீடு, உங்க இஷ்டம்" என்றான்.

பிறகு பாதையில் பனி சேர்ந்திருக்கிறது, வாரிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனான். வெளியே வாருகிற அளவுக்குப் பனி இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெறும் தரையைப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியும். மாகாணத்தின் கஜானா காலி, சிற்றூர் ஆஸ்பத்திரிகளை மூடிவிடலாம் என்று அமைச்சரவை பிப்ரவரியிலேயே முடிவு செய்திருந்தது. நார்டால் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்திருந்தால் மண்வெட்டியைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டிருப்பேன்.

கோடையில் பழைய வீட்டை விற்று, நார்டாலில் எதிர் வீட்டுக்குக் குடிவந்தார்கள். அம்மா தன் நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். அறுவடை தொடங்கிய வாரத்தில் அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரி இனிமேல் நலவாழ்வு மையம். வார நாட்களில் பகலில் மட்டும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள். எமர்ஜென்சி விளக்கை ஏணி வைத்துக் கழற்றியதை அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். கழற்றிய பையன்களுக்குக் களைப்பாக இருக்குமே என்று காப்பி கொடுத்தனுப்பினாளாம். அவள் புத்தி அப்படி.

பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் அரங்கத்தில் கண்டனக் கூட்டம் போட்டார்கள். லெய்ஃப் தனியாக வந்து மேடையில் நின்றான். அதற்குத் துணிச்சல் வேண்டும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஊரே அவனைக் கிழித்தது.

"எங்க வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது!"

"ரோடு போடறவனுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? பொணத்தை ரோட்டுல கொண்டுபோனா போதும்!"

"உங்கம்மாவே எதிர் வீட்டுல இருக்காங்களேய்யா! அவங்க எங்கய்யா போவாங்க?"

அம்மா முன்வரிசையில் எழுந்து நின்றாள். "என் பிள்ளையைக் கேக்கறதைக் கேளுங்க. என்னை வச்சுக் கேக்காதீங்க" என்றாள். அரங்கம் அடங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரைப் பிறந்ததும் கையில் ஏந்தியவள் அவள்.

கூட்டம் முடிந்து அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். மறுபடியும் வீடு மாறிவிடலாம் என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் இந்த வீட்டை எவன் வாங்குவான் என்றாள். அது உண்மைதான். வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? பிராட்டன் வீட்டு ஆம்பளைங்க வாயில ஈகூட நுழையாது."

"இல்ல. தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான். என்கிட்டயாவது சொல்லியிருப்பான்."

"அப்பாவோட பிள்ளையாம்மா சொல்லுவான்?" என்று சிரித்தேன்.

அம்மாவும் லேசாகச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அது நடந்தது. காலையிலிருந்தே பனிப்புயல். வானமும் தரையும் ஒரே வெள்ளை, முற்றத்து வேலி தெரியவில்லை. அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஆர்விட், ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றாள். நர்ஸ் அல்லவா, என்ன வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா போன் செய்தார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி மிச்சமிருந்த பெக்கட் ஊரிலிருந்து கிளம்பியது. அது வந்தது அப்பா போட்ட அதே நெடுஞ்சாலையில். பாதி வழியில் பனிமேட்டில் மாட்டிக்கொண்டது. பனி தள்ளும் வண்டி வந்து அதை விடுவிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில் அப்பா ஒன்று செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னது. கோட்டுகூடப் போடாமல் அந்தப் புயலில் தெருவைக் கடந்து போய், பூட்டியிருந்த எமர்ஜென்சி கதவைத் தட்டினாராம். இரண்டு கையாலும் தட்டினாராம். உள்ளே ஒருவரும் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும்.

சாலை திறந்ததும் அடக்கம் நடந்தது. லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. முட்டை சாண்ட்விச், ஊறுகாய், பேரீச்சம்பழ வில்லைகள். நார்டாலில் எவர் செத்தாலும் இதேதான். லெய்ஃப் மேல் கடுங்கோபத்தில் இருந்தவர்களும் அம்மாவுக்காக வந்திருந்தார்கள். அவனோடு பேசாமல் அவன் தட்டில் மட்டும் உணவை வைத்துவிட்டுப் போனார்கள்.

முதல்வர் ஹஸ்கினும் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தேன்.

"ஐயா, உங்க பிள்ளை உங்களை மாதிரியேதான். பிப்ரவரியில நாங்க அந்த முடிவு எடுத்தோம். ஈஸ்டருக்கு அப்புறம் என் அறைக்கு வந்து குழந்தை மாதிரி அழுதாரு. 'அம்மா அங்க வீடு வாங்கறாங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கவா'ன்னு கேட்டாரு. என்னால சரின்னு சொல்ல முடியல. கட்டுப்பட்டு நடந்தாரு. பெத்த தாய்கிட்டகூடச் சொல்லல. இப்படி ஒரு குடும்பத்தை நான் பாத்ததில்ல ஐயா."

பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். அப்பா தன் கையை மெதுவாக உருவிக்கொண்டார். "ரொம்ப தூரம் போகணும் நீங்க. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க" என்றார்.

வீட்டுக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும் வந்தோம். அப்பா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். லெய்ஃப் நின்றுகொண்டே இருந்தான்.

"ஈஸ்டர் அன்னிக்கு உனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

"தெரியும்பா."

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. "நீ மனுஷனாடா? எதிர்ல உக்காந்து ரொட்டி தின்னியேடா! நகரத்துக்குப் போம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாற்காலி கவுந்துடுமா? அவளைக் கொன்னுட்டியேடா!"

"அக்கா, நான் பிரமாணம் எடுத்திருக்கேன். தெனமும் செத்துக்கிட்டுதான் இருந்தேன். ஆனா அம்மாவுக்கு ஒரு நியாயம், ஊர்ல மத்த அம்மாங்களுக்கு ஒரு நியாயம்னு இருக்க முடியுமா? அப்பாவைக் கேளு. ஐனார் மாமா விஷயத்துல அப்பா என்ன செஞ்சாரோ, அதைத்தான் நானும் செஞ்சேன்."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். ஐம்பதை நெருங்கும் ஆள், அமைச்சர், பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டுகிற பையனைப் போல நின்றான். அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்தான் அவனுக்கு மிச்சமிருந்தது.

"நான் ஐனார்கிட்ட சொல்லல" என்றார் அப்பா.

"அதான்பா நானும்…"

"உங்கம்மாகிட்ட சொன்னேன்."

லெய்ஃபுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"ரோடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லிட்டேன். கூடப்பொறந்த அண்ணன் ஆச்சே, அழுதா. அண்ணன்கிட்ட சொல்லிடவான்னு கேட்டா. வேண்டாம்னேன். சொல்லல. ஐனார் காப்பி குடிக்க வந்தப்ப காப்பி ஊத்தினவளே அவதான். ரெண்டு பேருமா அதைச் சுமந்தோம். அது மட்டும் இல்ல. ஆபீஸ்ல காதுல விழுந்தது ஒண்ணு விடாம அவகிட்ட சொல்லியிருக்கேன், வேலை பாத்த அத்தனை வருஷமும். யார்கிட்டயும் சொல்லாம எவனாலடா இருக்க முடியும்?"

"ஒருநாளும் எங்ககிட்ட இதைச் சொல்லலையேப்பா" என்றான் லெய்ஃப்.

"எப்படிடா சொல்றது? சொல்லக்கூடாததை இல்ல சொல்லியிருக்கேன்."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்தார்.

"ஊர் ஊரா மேடை போட்டு நீ அந்தக் கதையைச் சொன்னே. அவ பையைத் துழாவிக்கிட்டு உக்காந்திருப்பா. 'சொல்லிடலாமா ஆர்விட், பிள்ளை நம்மளைப் பெரிசா நெனச்சுக்கிட்டிருக்கான்'னு கேப்பா. நினைச்சுக்கிட்டுப் போகட்டும், கெடுதல் இல்லன்னு நான்தான் சொன்னேன்." மேஜை விரிப்பை இரண்டு கையாலும் நீவினார். "நீ அவகிட்ட சொல்லியிருந்தா யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டா. வெர்னாகிட்டயே போயிடலாம்னு மட்டும் என்கிட்ட சொல்லியிருப்பா. ஏன்னு நானும் கேட்டிருக்க மாட்டேன்."

லெய்ஃப் அம்மாவின் நாற்காலியில் போய் விழுந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் போட்ட சத்தத்தை நான் மறக்க மாட்டேன். அடிக்க ஓங்கியிருந்த என் கை அவன் முதுகில் போய் விழுந்து, அங்கேயே கிடந்தது. அப்பா அவனைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. காப்பி போட்டார். பழக்கத்தில் கோப்பைகளில் ஒன்று கூடுதலாக எடுத்துவைத்துவிட்டு, அதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அடுத்த தேர்தலில் கட்சி அவனுக்கு நகரத்தில் பத்திரமான தொகுதி தருவதாகச் சொன்னது. அவன் மறுத்துவிட்டு நார்டாலிலேயே நின்றான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். ஐனார் மாமாவின் கதையை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கதை இல்லாத லெய்ஃபுக்குப் பேச ஒன்றுமில்லை. படிகளில் தொப்பியோடு நின்றுவிட்டு வருவான். தோற்கத்தான் நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. படுதோல்வி அடைந்தான்.

வாக்குப்பதிவு நாளில் நான் கடையைப் பூட்டிவிட்டு நார்டாலுக்குப் போயிருந்தேன். தெருவெல்லாம் எதிர்க்கட்சியின் பலகைகள். அப்பாவின் முற்றம் மட்டும் எப்போதும்போல வெறுமையாக இருந்தது. அவரைக் கைத்தாங்கலாக, வாக்குச்சாவடி வைத்திருந்த கர்லிங் அரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். தடுப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்ததும் காரில் ஏற்றி, சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

"இப்பவாவது சொல்லுங்கப்பா. யாருக்குப் போட்டீங்க?"

அவர் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை நான் சொல்ற ஆள் போயிட்டாளே" என்றார்.